‘தகவலாளி அல்ல’ (ஒட்டுக்கேட்ட கதை – 12)

போன வாரம் செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் கமிட்டியோடு நிறுத்தியிருந்தோம். மார்ட்டின் லூதர் கிங்கின் ஓட்டல் அறை வரை எஃப்.பி.ஐ. மைக் வைத்த கதையெல்லாம் அந்தக் கமிட்டி மூலம்தான் விரிவாக வெளியே வந்தது. 1976இல் அது தன் அறிக்கைகளை வெளியிட்டு முடித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1978 அக்டோபரில், ஒரே மாதத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். உளவுக்காக அமெரிக்க மண்ணில் ஒருவரை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் முதலில் நீதிபதியிடம் அனுமதி வாங்கு என்றது ஒன்று. சுருக்கமாக அதை ஃபிசா என்பார்கள். இன்னொன்று, பல துறைகளில், துறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அந்தத் துறையையே துருவிப் பார்க்க ஓர் அதிகாரியை நியமித்தது. அவர் பெயர் இன்ஸ்பெக்டர் ஜெனரல்.

இங்கே ஐ.ஜி. என்றதும் நமக்குக் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். இவர் அந்த ஐ.ஜி. இல்லை, கிட்டத்தட்ட ஆடிட்டர். கோப்புகளைக் கேட்டு வாங்கலாம், ஊழியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கலாம், அறிக்கை எழுதலாம். வழக்குப் போட முடியாது. யாரையும் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. அதற்கே நீதி அமைச்சகம் மசியவில்லை. 1988இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அங்கே இப்படி ஒருவர் வந்தார். எஃப்.பி.ஐ. முழுமையாக அவர் பார்வைக்குள் வர 2001 ஆகிவிட்டது.

கார்ட்டர் கையெழுத்திட்ட அந்த இரண்டு சட்டங்களும் நாற்பது ஆண்டு கழித்து ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்தன. நடுவில் மாட்டியவர் பெயரும் கார்ட்டர்தான்: கார்ட்டர் பேஜ்.

2016 ஜூலை 31. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று மாதம் பாக்கி. டொனால்ட் டிரம்பின் பிரசாரக் குழுவுக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. ஒரு விசாரணையைத் தொடங்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து பெயரெடுத்து அதற்கு ‘கிராஸ்ஃபயர் ஹரிக்கேன்’ என்று வைத்தார்கள். அக்டோபர் 21இல், அந்தக் குழுவில் வெளியுறவு ஆலோசகராக இருந்து விலகியிருந்த பேஜை ஒட்டுக்கேட்க ஃபிசா நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி 2017 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை நீட்டிக்கப்பட்டது.

அந்த நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அங்கே எதிர்த்தரப்பு கிடையாது. ஒட்டுக்கேட்கப்படப் போகிறவருக்கோ அவருடைய வக்கீலுக்கோ தகவல் போகாது. நீதிபதி முன்னால் இருப்பது அரசுத் தரப்பின் மனு மட்டும். அதில் எழுதாத எதுவும் நீதிபதிக்குத் தெரிய வழியில்லை. 1979 முதல் 2012 வரை 33,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. முழுதாக நிராகரிக்கப்பட்டவை 11. நன்றாகச் சலித்துத்தான் கொண்டுவருகிறோம், அதனால்தான் தள்ளுபடியாவதில்லை என்பது அரசின் விளக்கம்.

சலித்த லட்சணம் 2000ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. சுமார் 75 மனுக்களில் தவறு இருப்பதாக அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நீதிபதிகள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகு எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் மைக்கேல் வூட்ஸ் ஒரு நடைமுறையை எழுதினார்: மனுவில் ஒரு தகவலைச் சொன்னால், அதற்கான காகிதம் கோப்பில் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் கணக்கு இல்லை. இதற்கு ‘வூட்ஸ் கோப்பு’ என்று பெயர். காகிதத்தில் அருமையான ஏற்பாடு.

இனி மைக்கேல் ஹாரோவிட்ஸ். 2012 முதல் 2025 வரை நீதி அமைச்சகத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவர். 2018 மார்ச்சில் பேஜ் விவகாரத்தைக் கையில் எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் 170 முறைக்கு மேல் விசாரணை, 10 லட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள். 2019 டிசம்பர் 9 அன்று, 400 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை வெளியானது.

டிரம்ப் தரப்பு ‘அரசியல் சதி’ என்ற தீர்ப்புக்காகக் காத்திருந்தது. எதிர்த் தரப்பு ‘எல்லாம் ஒழுங்காக நடந்தது’ என்ற சான்றிதழுக்காகக் காத்திருந்தது. ஹாரோவிட்ஸ் இருவருக்கும் பாதிப் பாதிதான் கொடுத்தார். விசாரணையைத் தொடங்கப் போதிய காரணம் இருந்தது. அரசியல் சார்பால் தொடங்கினார்கள் என்பதற்கு ஆவணமோ சாட்சியோ கிடைக்கவில்லை. ஆனால் நான்கு மனுக்களிலும் சேர்த்து 17 முக்கியப் பிழைகளும் மறைப்புகளும் இருந்தன.

முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி கிறிஸ்டோபர் ஸ்டீல் திரட்டிய அறிக்கைகளை மனு பெரிதும் நம்பியிருந்தது. அவற்றுக்குப் பணம் வந்தது ஹிலாரி கிளின்டன் தரப்பிலிருந்து. 2017 ஜனவரியில் எஃப்.பி.ஐ., ஸ்டீலுக்குத் தகவல் கொடுத்த முக்கிய ஆளையே உட்காரவைத்துக் கேட்டது. அவர் சொன்னதன் சாரம்: காதில் விழுந்ததைச் சொன்னேன், நண்பர்களோடு பீர் குடித்தபோது பேசியது, சில விஷயம் சும்மா கேலிக்கு. அடுத்த மனுக்களில் எஃப்.பி.ஐ. என்ன எழுதியது தெரியுமா? அந்த ஆள் உண்மையாகப் பேசுகிறார், ஒத்துழைக்கிறார் என்று. அவர் உண்மையாகப் பேசி ஸ்டீலின் அறிக்கையையே கவிழ்த்துவிட்டார் என்பது மட்டும் விடுபட்டுப்போனது. இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ரஷ்ய உளவு அதிகாரி ஒருவரோடு பேஜுக்குப் பழக்கம் இருந்தது என்பது மனுவில் சொன்ன சந்தேகங்களில் ஒன்று. ஆனால் 2008 முதல் 2013 வரை பேஜ் சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் தர அனுமதிக்கப்பட்ட தொடர்பாளர். அந்த ரஷ்யரைப் பற்றியும் அவரே சி.ஐ.ஏ.விடம் சொல்லியிருந்தார். இதை முதல் மனுவுக்கு முன்பே, 2016 ஆகஸ்டில், சி.ஐ.ஏ. எழுத்தில் தெரிவித்தும் மனுவில் ஏறவில்லை.

2017 ஜூனில் நான்காவது மனு தயாரானது. அதற்குள் பேஜ், நான் நம் உளவுத் துறைக்கு உதவியவன் என்று வெளியே பேசத் தொடங்கியிருந்தார். மனுவில் உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு உறுத்தியது. இந்த ஆள் சி.ஐ.ஏ.வின் தகவலாளியா, எழுத்தில் கொடுங்கள் என்றார். எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் கெவின் கிளைன்ஸ்மித் சி.ஐ.ஏ.வைக் கேட்டார், பதில் மின்னஞ்சல் வந்தது. அதை அதிகாரிக்கு அனுப்பும்போது நடுவில் சில சொற்களைச் செருகினார்: ‘தகவலாளி அல்ல’. படித்த அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். மூல மின்னஞ்சலையும் செருகியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தது ஹாரோவிட்ஸின் ஆட்கள். உண்மை அதுதான் என்று நம்பி எழுதினேன் என்றார் கிளைன்ஸ்மித்.

அறிக்கை வந்த அன்றே அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார், விசாரணையைத் தொடங்கியதே தப்பு என்று ஹாரோவிட்ஸை மறுத்துப் பேசினார். முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியோ தங்கள் தரப்பு ஜெயித்துவிட்டதுபோலப் பத்திரிகையில் எழுதினார். இரண்டு நாள் கழித்து ஹாரோவிட்ஸ் செனட்டில், இந்த மனுக்களைத் தொட்ட யாரையும் தன் அறிக்கை காப்பாற்றவில்லை என்றார். அந்த வார இறுதியில் கோமி தொலைக்காட்சியில் தன் நம்பிக்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். டிசம்பர் 17இல் ஃபிசா நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ரோஸ்மேரி காலியர் எஃப்.பி.ஐ.யைக் கண்டித்து உத்தரவே போட்டார். பேஜை ஒட்டுக்கேட்கும் முதல் உத்தரவில் கையெழுத்திட்டவரும் இதே காலியர்தான். அடுத்த மாதம், கடைசி இரண்டு உத்தரவுகள் செல்லாதவை என்று அரசே ஏற்றுக்கொண்டது.

சதியா இல்லையா என்றுதான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. எனக்கோ ஹாரோவிட்ஸ் அடுத்துக் கேட்ட கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. நாட்டிலேயே மிக நுட்பமான வழக்கு. பொறுக்கியெடுத்த மூன்று குழுக்கள். தலைமை வரை தெரியும். பின்னால் தோண்டுவார்கள் என்பதும் தெரியும். அங்கேயே இந்த லட்சணம் என்றால், யாரும் எட்டிப் பார்க்காத வழக்குகளில்?

29 மனுக்களை மாதிரிக்கு எடுத்தார். 2020 மார்ச்சில் முதற்கட்ட முடிவு வந்தது. நான்கு மனுக்களுக்கு வூட்ஸ் கோப்பையே காணோம். மீதி 25இலும், ஒன்று விடாமல், ஆதாரத்தோடு ஒட்டாத தகவல்கள். சராசரி சுமார் 20, ஒரே மனுவில் 65. பெரும்பாலானவை முடிவை மாற்றாத சில்லறைத் தவறுகள் என்றது அமைச்சகம். அதில் நியாயம் உண்டு; தேதிப் பிழையும் கணக்கில் சேரும். ஆனால் 2021 செப்டம்பரில் வந்த முழுத் தணிக்கை இன்னொன்றையும் சொன்னது. ஐந்து ஆண்டுகளின் 7,000க்கும் மேற்பட்ட மனுக்களில் குறைந்தது 183க்குக் கோப்பு இல்லை, அல்லது அரைகுறை.

கிளைன்ஸ்மித் 2020 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்குத் தொடுத்தது ஹாரோவிட்ஸ் அல்ல, ஜான் டர்ஹாம் என்ற அரசு வழக்கறிஞர். தண்டனை 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும், சிறை இல்லை. பேஜ் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அவர் அரசின் மீதும் அதிகாரிகள் மீதும் போட்ட நஷ்ட ஈட்டு வழக்கை 2022 செப்டம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பேஜுக்காவது தன்னை ஒட்டுக்கேட்டார்கள் என்று தெரியவந்தது. மாதிரிக்கு எடுத்த அந்த 29 மனுக்களில் யார் யார் பெயர் இருந்தது என்பதை அறிக்கை சொல்லவில்லை. கிடைத்ததை வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தினால் ஒழிய, ஒட்டுக்கேட்கப்பட்டவரிடம் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக ஃபிசா சட்டத்தில் இல்லை.

(தொடரும்)