தமிழில் 'யங் அடல்ட்' நாவல் இருக்கா? முதல் நாவல் எழுதுபவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைன் புத்தகக் கடையின் ஆங்கிலப் பிரிவில் 'யங் அடல்ட்' என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. தமிழ்ப் பிரிவுக்கு வாருங்கள். 'சிறுவர் இலக்கியம்' இருக்கும், 'நாவல்' இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பள்ளி முடிக்கும் வயதிலிருந்து முதல் வேலையில் சேரும் வயது வரைக்குமான அலமாரி பெரும்பாலும் இருக்காது.

அதற்காக தமிழில் இப்படிப்பட்ட புத்தகங்களே வருவதில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வருகின்றன, ஆனால் வேறு பெயர்களில். சித்தூரிலோ திருப்பதியிலோ வேலை பார்த்துக்கொண்டு, தமிழில் புதிதாக எழுத வருபவர்களைத் தேடிப் படிக்க நினைக்கிறீர்கள் என்றால், எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

'யங் அடல்ட்' அப்படின்னா என்ன?

அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை இந்தப் பிரிவின் வாசகர்களாகக் கொள்கிறது. 1967-ல் எஸ்.ஈ. ஹின்டன் எழுதி வெளியான 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அது அவருடைய முதல் நாவல். வெளியானபோது அவருக்கு வயது 18.

வயது வரம்பைவிட முக்கியமானது, கதை யாருடைய கண் வழியாக நகர்கிறது என்பதுதான். வீடு, காதல், சாதி, படிப்பு, பணம் எல்லாவற்றையும் முதல் தடவையாக நேருக்கு நேர் சந்திக்கும் ஒருவர் நடுவில் இருப்பார். அதனால்தான் பெரியவர்களும் இவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். 2012-ல் பௌக்கர் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வின்படி, யங் அடல்ட் புத்தகம் வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். ஆக, "எனக்கு இருபத்தெட்டு ஆச்சே, இதெல்லாம் இப்போ படிக்கலாமா?" என்ற தயக்கம் தேவையில்லை.

தமிழில் இந்த அலமாரி ஏன் இல்லை?

தமிழ் வாசகர்களின் வழக்கமான பாதை வேறு மாதிரி இருந்தது. வாண்டுமாமா கதைகளில் தொடங்கியவர் ஒரு கோடை விடுமுறையில் நேராக சுஜாதாவுக்குத் தாவிவிடுவார். நடுவில் படிக்கட்டு வேண்டும் என்று பதிப்பகங்கள் நீண்ட காலம் யோசிக்கவில்லை. ஆனால் எழுத்தாளர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' 1977-ல் வந்தது. இந்தியாவோடு ஹைதராபாத் சமஸ்தானம் இணைந்த காலத்தில், செகந்திராபாத்தில் கல்லூரியில் படிக்கும், கிரிக்கெட் ஆடும் ஒரு தமிழ்ப் பையனின் கதை அது. இன்று ஆங்கிலத்தில் வந்திருந்தால் யங் அடல்ட் அலமாரியிலும் ஒரு பிரதி இருந்திருக்கும். தெலுங்கு பேசும் ஊரில் தமிழ் பேசி வளர்ந்த உங்களுக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 'இளையோர் நாவல்' என்ற பெயர் பரவலாகப் புழங்குகிறது. வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் போன்றவை இந்த வயதினரையும் மனதில் வைத்துப் புத்தகம் போடுகின்றன. ஆன்லைனில் தேடும்போது 'யங் அடல்ட்' என்பதை விட்டுவிட்டு 'இளையோர் நாவல்', 'இளையோர் இலக்கியம்' என்று தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு என்ன கூடுதல் சிக்கல்?

1960-ல் எல்லை மாற்றத்தின்போது திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூர், நகரி, குப்பம் பக்கம் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஆந்திராவிலேயே தொடர்ந்தன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஆபீஸில் ஆங்கிலம். பேசுவதற்கு மூன்று மொழி இருப்பது வசதிதான். படிப்பது என்று வரும்போதுதான் இடிக்கிறது. தமிழ்ப் பேச்சு சரளமாக வரும் பலருக்கு, பள்ளியில் படித்தது தெலுங்கும் ஆங்கிலமும் என்பதால், தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் இளையோர் நாவல் கைகொடுக்கும். நூறு, நூற்றைம்பது பக்கம். பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் நடை. வாரத்துக்கு இரண்டு மாலை ஒதுக்கினால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். உங்களுக்கே உதவும், வீட்டில் பத்தாவது படிக்கும் தம்பி தங்கைக்கும் உதவும்.

முதல் வழி: விருதுப் பட்டியலைத் திருப்பிப் படியுங்கள்

சாகித்ய அகாடமி ஒவ்வொரு ஆண்டும் தரும் விருதுகளில் இரண்டு இங்கே உதவும். இரண்டுக்கும் பரிசுத் தொகை 50,000 ரூபாய். 2010-ல் தொடங்கிய பால சாகித்ய புரஸ்கார், 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களுக்கான எழுத்துக்கு. 2011-ல் தொடங்கிய யுவ புரஸ்கார், 35 வயது அல்லது அதற்குக் குறைவான எழுத்தாளர்களுக்கு. முன்னது வாசகரின் வயதைப் பார்க்கிறது, பின்னது எழுதுபவரின் வயதைப் பார்க்கிறது. யங் அடல்ட் அலமாரி இல்லாத குறையை இந்த இரண்டு பட்டியலும் சேர்ந்து ஓரளவு தீர்க்கின்றன.

பால புரஸ்கார் பட்டியலில் 2020-ல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை ஒரு சிறுமியின் பக்கத்திலிருந்து பேசும் கதை. 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியைக் களமாகக் கொண்டது. 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. இவர்கள் புதியவர்கள் அல்ல, அனுபவசாலிகள். வீட்டில் இருக்கும் பதின்வயதினருக்கு நம்பிக் கொடுக்கலாம்.

முதல் நாவல் எழுதியவர்கள் வேண்டும் என்றால் யுவ புரஸ்கார் பட்டியலுக்கு வாருங்கள். மூன்றை மட்டும் சொல்கிறோம்.

2014-ல் விருது பெற்ற ஆர். அபிலாஷின் 'கால்கள்', போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைச் சுற்றி நகர்கிறது. 2015-ல் விருது பெற்ற வீரபாண்டியனின் 'பருக்கை', படிப்புக்காக வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து, கைச்செலவுக்கு கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகும் மாணவர்களின் கதை. 2021-ல் விருது பெற்ற கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களின் வாழ்க்கை.

மூன்றுமே அவரவர் முதல் நாவல். கல்லூரி, பார்ட் டைம் வேலை, முதல் ஆபீஸ் என்று உங்கள் வயது வரிசையிலேயே அமைந்திருப்பதைக் கவனியுங்கள். அட்டையில் எங்கேயும் 'யங் அடல்ட்' என்று போட்டிருக்காது, அவ்வளவுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: விருது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். இந்த வருடம் எழுத வந்தவரை அந்தப் பட்டியல் சில வருடம் கழித்துத்தான் காட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி: நாவல் வருவதற்கு முன்பே ஆளைப் பிடியுங்கள்

தமிழில் பெரும்பாலான எழுத்தாளர்கள் நேராக நாவலோடு வருவதில்லை. முதலில் இதழில் ஒரு சிறுகதை, பிறகு இன்னொன்று, பிறகு தொகுப்பு, அதன் பிறகு நாவல். முன்பு இந்த வேலையை சிற்றிதழ்கள் செய்தன. இன்று அகழ், கனலி, தமிழினி போன்ற இணைய இதழ்களும் மலேசியாவிலிருந்து வரும் வல்லினமும் செய்கின்றன. படிக்கக் காசு இல்லை. செல்போன் போதும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு கதை பிடித்திருந்தால் எழுதியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் இரண்டாவது கதை வந்து, அதுவும் பிடித்திருந்தால் அவரைப் பின்தொடருங்கள். அவருடைய நாவல் வரும்போது உங்களுக்கு விமர்சனம் தேவைப்படாது, ரீல்ஸும் தேவைப்படாது.

பிரதிலிபி, கிண்டில் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் நேரடியாக எழுதலாம். அங்கே எடிட்டர் கிடையாது என்பதால் பொறுக்கி எடுப்பது உங்கள் வேலையாகிவிடும். முதல் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது வழி: எல்லையின் இரண்டு பக்கமும் பாருங்கள்

சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கி.மீ. திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 140 கி.மீ. தமிழ்நாட்டில் இப்போது மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்தப்படுகிறது. அதனால் சென்னை வரை போகாமல் வேலூரிலேயே பதிப்பகங்களின் ஸ்டால்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கும். பதிப்பகங்கள் தங்கள் புதுப் புத்தகங்களை அந்த நேரத்தைக் கணக்கு வைத்தே கொண்டுவருகின்றன. ஒரே ஒரு நாள் போக முடியும் என்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். போக முடியாதவர்களுக்கு பனுவல், காமன்ஃபோக்ஸ் போன்ற ஆன்லைன் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன.

வேலூர் என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும் அந்தலீப் வாஜித்தின் முதல் நாவல் 'கைட் ஸ்ட்ரிங்ஸ்', 2009-ல் வெளியானது. வேலூரில் வளரும் ஒரு முஸ்லிம் பெண்ணின் கதை. அதற்குப் பிறகு நிறைய எழுதினார். அவருடைய 'அஸ்மாராஸ் சம்மர்' நாவல் 2024-ல் 'தில் தோஸ்தி டிலெம்மா' என்ற பெயரில் அமேசான் பிரைமில் வெப் சீரிஸாகவே வந்துவிட்டது. சின்ன ஊர் கதைக்கு வாசகர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

தெலுங்கு படிக்கத் தெரிந்தால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. திருப்பதி பக்கத்து கிராமத்துச் சிறுவயதை அந்த மண்ணின் பேச்சிலேயே எழுதியவர் நாமினி சுப்ரமணியம் நாயுடு. அவருடைய 'மிட்டூரோடி கதலு' உங்கள் அக்கம்பக்கத்துக் குரல். இன்றைய தலைமுறையில் ரவி மந்திரியின் 'அம்ம டைரீலோ கொன்னி பேஜீலு' தெலுங்கு இளைஞர்களிடம் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது. சென்னையில் இருக்கும் தமிழ் வாசகர் இவற்றை மொழிபெயர்ப்புக்குப் பிறகுதான் படிக்க முடியும். நீங்கள் இன்றே படிக்கலாம்.

கையில் எடுத்தது முதல் நாவல்தானா? எப்படித் தெரியும்?

புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு விவரப் பக்கம் இருக்கும். 'முதல் பதிப்பு' என்று மாதமும் வருடமும் போட்டிருக்கும். அதற்கு அடுத்து ஆசிரியர் குறிப்பு. 'இது இவரது முதல் நாவல்' என்று அங்கேயே சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் முன்னுரையில் தெரிந்துவிடும்.

நல்ல புத்தகமா என்று பார்க்க பின்னட்டையை மட்டும் நம்பாதீர்கள். பின்னட்டையில் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம்தான். நடுவில் ஏதாவது ஒரு உரையாடலைப் படியுங்கள். இரண்டு பேர் பேசுவது மாதிரி காதில் விழுகிறதா, இல்லை எழுத்தாளர் ஒருவரே இரண்டு குரலில் பிரசங்கம் செய்கிறாரா? பதின்வயதுப் பாத்திரம் நாற்பது வயதுக்காரர் மாதிரி பேசினால் வைத்துவிடலாம்.

நான் ஒரு பிரதி வாங்கினால் என்ன மாறிவிடும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் பல இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறையில், சில நூறு பிரதிகளாகவே போடுகின்றன. 200 ரூபாய் விலையுள்ள ஒரு முதல் நாவல் 300 பிரதி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பத்து சதவீத ராயல்டி என்றால் எழுதியவருக்குக் கிடைப்பது 6,000 ரூபாய். இரண்டு மூன்று வருட உழைப்புக்கு.

இந்தப் பணத்தை நம்பி யாரும் எழுத வருவதில்லை. ஆனால் அடுத்த புத்தகத்தைப் போடலாமா வேண்டாமா என்று பதிப்பாளர் பார்ப்பது இந்த எண்ணைத்தான். முந்நூறில் முப்பது பேர் என்பது பத்தில் ஒரு பங்கு. பிரபல எழுத்தாளரின் பத்தாவது புத்தகத்துக்கு முப்பது வாசகர்கள் கூடினாலும் குறைந்தாலும் எதுவும் ஆகாது, முதல் புத்தகத்துக்கு ஆகும். டெலிகிராம் குழுவில் வரும் திருட்டு பி.டி.எஃப். அதிகமாக அடிப்பதும் இந்தப் புதியவர்களைத்தான்.

ஆர்.கே. நாராயண் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' எழுதியபோது அவரும் யாருக்கும் தெரியாத புதியவர்தான். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கையெழுத்துப் பிரதி கிரஹாம் கிரீன் கைக்குப் போய், அவர் சிபாரிசு செய்து, 1935-ல் புத்தகமானது. முதல் நாவலுக்கு எப்போதும் இப்படி யாரோ ஒருவர் தேவைப்படுகிறார். கிரஹாம் கிரீனாக இருக்க வேண்டும் என்பதில்லை. படித்துவிட்டு இரண்டு நண்பர்களிடம் சொல்பவராக இருந்தால் போதும்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

வேலைக்குப் போகிறவர் என்றால் 'நட்சத்திரவாசிகள்'. கல்லூரி முடித்த கையோடு இருக்கிறீர்கள் என்றால் 'பருக்கை'. வீட்டில் பதின்வயதினர் இருந்தால் 'ஆதனின் பொம்மை'யை அவர்களோடு சேர்ந்து படியுங்கள். தமிழ் எழுத்து வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் ஒரு இணைய இதழில் ஒரு சிறுகதையைப் படித்துப் பாருங்கள்.

படித்து முடித்ததும் பதிப்பகத்துக்கோ எழுத்தாளருக்கோ இரண்டு வரி எழுதிப் போடுங்கள். எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் நாவலுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது சென்னையில் புத்தகம் போடுபவர்கள் பலருக்கு இன்னும் தெரியாது.