பீட் ஸீகரின் டெலிவிஷன் நாட்கள்

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி இரவு, ஸி.பி.எஸ். நிலையத்தின் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் நடத்திய ஹாஸ்ய நிகழ்ச்சியில் அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் ஸீகர் பாடிய பாட்டு, வியட்நாம் யுத்தத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல், 1942-இல் லூயிஸியானாவில் பயிற்சிக்குப் போன படைப்பிரிவொன்றை ஆழம் அறியாத ஆற்றில் இறங்கும்படி ஆணையிட்டுத் தானே மூழ்கிப்போன காப்டன் ஒருவனின் கதையாகத் தொடங்கி, அந்தக் காப்டன் யார் என்பது கேட்பவர் எவருக்கும் விளங்கும்படி முடிவது. முந்திய செப்டம்பரில் அவர் அதைப் பாடியபோது பதிவிலிருந்து வெட்டியெறிந்த நிர்வாகம், அதனால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு ஐந்து மாதத்தில் இறங்கிவந்தது. ஸீகரின் டெலிவிஷன் வாழ்வைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சம்பவத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீரம் நிறைந்த சம்பவம்தான், சந்தேகமில்லை. ஆனால் சங்கீத ரசிகனுக்கு அதைவிடப் பெரிய நிதி, அதற்குச் சில வருஷங்கள் முன்னால், அதிகம் பேர் பார்த்திராத ஒரு சின்ன நிலையத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சின்ன நிலையத்துக்கு அவர் போக நேர்ந்ததற்குக் காரணம் பெரிய நிலையங்களின் பயம். 1950-இல் அவருடைய வீவர்ஸ் குழு, பாடகர் லெட்பெல்லியிடமிருந்து வந்த ‘குட்நைட் ஐரீன்’ பாட்டை 13 வாரம் தேசத்தின் முதலிடத்தில் நிறுத்திய கீர்த்தியோடு இருந்தது. அதன் பின் கம்யூனிஸ்ட் வேட்டை கிளம்பிக் குழுவைக் கலைத்தது. 1955-இல் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் நின்ற ஸீகர், தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ளாதிருக்கும் உரிமையைக் கேடயமாகக் கொள்ளாமல், ஒரு பிரஜையிடம் அவனுடைய அபிப்பிராயங்களையும் சகவாசத்தையும் விசாரிப்பதே முறையன்று என்று வாதிட்டுப் பதில் சொல்ல மறுத்தார். 1961-இல் ஒரு வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1962-இல் அப்பீலில் ரத்தாயிற்று. கறுப்புப் பட்டியல் மட்டும் ரத்தாகவில்லை. 1963-இல் ஏ.பி.ஸி. நிறுவனம், அவரும் அவர் சகாக்களும் பிரபலப்படுத்திய ‘ஹூட்டனானி’ என்னும் கூட்டுப்பாட்டுச் சம்பிரதாயத்தின் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கி, அவரை மட்டும் அழைக்க மறுத்தது. ஜோன் பாயஸ் முதலிய பலர் அதனாலேயே அந்த மேடையை நிராகரித்தார்கள்.

இந்த நிலையில்தான், 1965-இல், நியூஜெர்ஸியின் டபிள்யூ.என்.ஜே.யு. என்னும் 47-ஆம் அலைவரிசை நிலையத்தில் அவருடைய ‘ரெயின்போ குவெஸ்ட்’ நிகழ்ச்சி தொடங்கிற்று. பழைய டெலிவிஷன் பெட்டிகள் பலவற்றில் தனிக் கருவி பொருத்தினாலன்றி அகப்படாத உயர் அலைவரிசை அது. ஸ்பானிய மொழி பேசுவோருக்கான நிகழ்ச்சிகளை மிகுதியாகக் கொண்ட நிலையம். சபை கிடையாது, கைதட்டல் கிடையாது, பணமும் கிடையாது. கறுப்பு வெள்ளையில் ஒரு மணி நேரம், பாஞ்சோவோடு உட்கார்ந்திருக்கும் ஸீகர் விருந்தாளியைப் பேச விட்டு, பாட விட்டு, தாம் ஒதுங்கியிருப்பார். இந்த ஒதுங்கியிருத்தல் எவ்வளவு அருமையான வித்தை என்பது, எலிஸபெத் காட்டன் வந்த நிகழ்ச்சியில் தெரியும். ஸீகரின் தந்தை வீட்டில் வேலைக்காரியாக இருந்த அந்தக் கறுப்பினப் பெண்மணி இடதுகைப் பழக்கமுள்ளவர். வலதுகைக்காரருக்கென்று தந்தி கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ் ஸ்தாயியையும் வாசிப்பார். பெரிய நிலையத்தின் மூன்று நிமிஷக் கெடுவுக்குள் அந்தக் கைகளைக் காமிரா உற்றுப் பார்த்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் வந்தார். 1966 நவம்பரில் அவர் காலமாகிவிட்டபடியால் அந்தப் பதிவுக்கு விலையே இல்லை. ஹார்லெம் தெருக்களில் பாடிப் பிழைத்த பார்வையற்ற பாதிரியார் கேரி டேவிஸுடன், பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர் டோனோவன் ஒரே நிகழ்ச்சியில் அமர்ந்தார். டோனோவனுடன் கூட வந்தவர் நம் நாட்டு சிதாரை மீட்டினார். ஜானி காஷும் ஜூன் கார்ட்டரும் வந்தார்கள்.

ஆதரவளிக்கப் பெரிய வியாபாரி எவரும் இல்லாத இந்த முயற்சி, 39 நிகழ்ச்சிகளோடு 1966-இல் நின்றுபோயிற்று. ஸீகரும் ஷோலம் ரூபின்ஸ்டைனும் தயாரித்த அந்நிகழ்ச்சியை ஒவ்வொரு வாரமும் கட்டிமேய்த்தவர், ஸீகரின் மனைவி டோஷி. முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவருக்குத் தரப்பட்ட பதவியோ, தலைமைச் சமையற்காரி, பாட்டில் கழுவுபவர் என்பது.