ஆயிரம் கைகளில் ஓர் ஏடு

ஒரே ஏட்டைப் பலர் ஒருசேரத் திருத்தினால் என்ன நேரும் என்பதைப் பள்ளி ஆண்டு மலர் தயாரித்தவர்கள் அறிவார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அடிப்பார். எது இறுதிப் படி என்பதே வழக்காகிவிடும். என் பணிக்காலத்தில் இவ்வழக்குகள் பலவற்றை நான் தீர்த்து வைத்திருக்கிறேன்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே தொல்லை உண்டு. 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு திருத்தத்தையும் கணிப்பொறியே வரிசையாகக் குறித்து வைக்கும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். பின்னர் வந்த சி.வி.எஸ். போன்ற முறைகள் இக்குறிப்பேட்டை ஒரு நடுநிலையத்தில் வைத்தன. அந்நிலையத்தோடு தொடர்பு அறுந்தால், திருத்தத்தைப் பதிய இயலாது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 இல் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினார். உலகெங்கிலுமிருந்து திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. சுமை தாங்காமல், 2002 இல் அவர் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கைக்கொண்டார். அதில் ஒவ்வொருவரிடமும் வரலாறு முழுவதும் இருக்கும். ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. லினக்ஸ் அன்பர்களுக்கு நிபந்தனைகளோடு இலவசமாக வழங்கப்பட்டது. இது தகாது என்று ரிச்சர்டு ஸ்டால்மன் போன்றோர் அன்றே எச்சரித்தனர்.

2005 இல், ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் நிலையத்தோடு உரையாடவல்ல ஒரு நிரலை எழுதினார். நிறுவனம் சினந்து இலவச உரிமையை நிறுத்தியது. நியாயம் யார் பக்கம் என்று வாதிடுவோர் உண்டு. நிறுவனம் தன் உரிமையைத்தான் செலுத்தியது. பலரது உழைப்பைப் பிறர் தயவில் வைத்ததே பிழை என்பது என் கருத்து.

டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 ஆம் நாள் புதுக்கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 இல் அது தன் வரலாற்றைத் தானே பதிவு செய்தது! அதன் பெயர் கிட். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு உருப்படாதவன் என்று பொருள். தம் படைப்புகளுக்கெல்லாம் தம் பெயரையே சூட்டுவதாக அவர் தம்மையே கேலி செய்துகொண்டார்.

கிட்டின் நுட்பம் இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 குறியீடுகள் கொண்ட ஒரு பெயர் இடப்படுகிறது. அக்கணக்கில் முந்தைய பதிவின் பெயரும் சேரும். ஆகவே பழைய ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும், அதற்குப் பின்வந்த பெயர்கள் யாவும் மாறிவிடும். முழுப் படி வைத்திருக்கும் மற்றவர்களின் ஏட்டோடு அது பொருந்தாது. கள்ளத்தனம் மறைந்திருக்க இடமில்லை. 2017 இல் அக்கணக்கு முறையில் விரிசல் இருப்பதை ஆய்வாளர் மெய்ப்பித்தனர். அதனால் வேறொரு வலிய கணக்கு முறைக்கும் வழி செய்யப்பட்டது.

ஒருவர் தனிக் கிளை பிரித்து, யாரையும் கேளாமல், இணையத் தொடர்பும் இன்றித் தம் வீட்டிலேயே வேலை செய்யலாம். பின்னர் அக்கிளையை மூலத்தோடு இணைக்கலாம். இருவர் ஒரே வரியை வெவ்வேறாகத் திருத்தியிருந்தால் கிட் நின்றுவிடும். தீர்ப்புச் சொல்ல மனிதர்தான் வரவேண்டும்.

ஜூலை மாதமே டோர்வால்ட்ஸ் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு, லினக்ஸுக்குத் திரும்பினார். 2016 இல் பிட்கீப்பரின் மூலநிரலையும் அந்நிறுவனம் யாவர்க்கும் திறந்துவிட்டது. அதற்குள் நிரலாளர் பெரும்பாலோர் கிட்டிடம் குடிபெயர்ந்திருந்தனர்.