காவிரியின் கடைமடையில் ஒரு விகாரை

தோழர்களே, ஒகேனக்கலில் விழுந்து நம் மாவட்டத்தைத் தொட்டுப் போகிற காவிரி கடலில் சேரும் இடம் பூம்புகார். அங்கே பல்லவனேச்சுரத்தில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் விகாரை ஒன்றும், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்தன. உறையூர் புத்ததத்தர், கண்ஹதாசர் கட்டிய காவிரிப்பட்டினத்து விகாரையில் இருந்துதான் பாலியில் உரை எழுதினார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன், ஊர் ஒன்றுதான்.

1898இல் உ.வே.சா. மணிமேகலையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, நம் முன்னோர் பௌத்தர் என்று வாரந்தோறும் வாதாடினார். ஏட்டையும் வாய்மொழியையும் வைத்தே வாதாடினார். அகழாய்வுச் சான்று எதுவும் அவர் கையில் இல்லை. 1914இல் மறைந்தார். அந்தச் செங்கற்கள் வெளிப்பட மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.