வல்லிக்கேணியில் நின்ற வீடும் இடிந்த வீடும்

டோம்பிவிலிக்கு எழுத்தாளர்களின் ஊர் என்ற பெயர் உண்டு. பு. பா. பாவே இங்கே வாழ்ந்தவர். அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் 90-வது மராத்தி சாகித்ய சம்மேளனமும் இங்கேதான் கூடியது. ஆனால் அரங்கம் எழுத்தாளரின் பெயரைச் சொல்லும், அவர் வாழ்ந்த விதத்தைச் சொல்லாது. அதற்கு ரத்னகிரி பக்கம் மால்குண்டுக்குப் போக வேண்டும். நவீன மராத்திக் கவிதையின் முன்னோடி கேசவசுத் 1866-ல் பிறந்த வீட்டைக் கொங்கண் மராத்தி சாகித்ய பரிஷத் அங்கே நினைவகமாகக் காத்துவருகிறது.

கல்யாணில் சென்னை ரயில் ஏறும் டோம்பிவிலித் தமிழர்கள் திருவல்லிக்கேணியில் இறங்கிப் பார்க்க வேண்டிய வீடு ஒன்று உண்டு. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி வாடகைக்குக் குடியிருந்த வீடு அது. பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியதும், சில மாதங்களில் 1921 செப்டம்பரில் அவர் இறந்ததும் அங்கே வாழ்ந்தபோதுதான். அதே மாதம் பல்கேரியாவின் தேசியக் கவிஞர் இவான் வாசோவும் சோபியாவில் காலமானார். அவர் வீடு 1926-லேயே அருங்காட்சியகமாகிவிட்டது. பாரதியின் வீட்டுக்கு அந்த நாள் 1993-ல்தான் வந்தது. இடையில் எத்தனை குடித்தனங்கள் வந்து போயினவோ, வீடு தப்பியதே பெரிய பேறு.

உ.வே.சாமிநாதையர் வீட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அதே திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில் இருந்தது ‘தியாகராஜ விலாசம்’. 1903-ல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த உ.வே.சா. முதலில் வாடகைக்கு இருந்து, பிறகு சொந்தமாக வாங்கினார். கும்பகோணம் கல்லூரியில் தம் வேலையை அவருக்கு வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரையே வீட்டுக்கு இட்டார். ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளைப் பரப்பி வைத்து, பாடம் ஒப்பிட்டு, அச்சுப்படி திருத்திய வீடு. 1942-ல் போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர் அங்கேயே இறந்தார். ஏடுகள் பிழைத்தன, 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூலகம் அவற்றைக் காக்கிறது. வீடு கைமாறி, 2012-ல் இடிக்கப்பட்டது. அவர் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் 2008-லேயே அரசு நினைவில்லம் அமைத்திருந்தது. ஆனால் பதிப்புப் பணியில் பெரும்பகுதி நடந்த இடம் சென்னை வீடுதான். அதை இழந்திருக்கவே கூடாது.

முழு வீட்டையும் விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. காசியில் அனுமன் படித்துறை அருகே பாரதி இளமையில் தங்கிய அத்தை வீட்டில் உறவினர்கள் இன்னும் வசிக்கிறார்கள். அவர்கள் இசைவோடு அதில் ஓர் அறையை மட்டும் தமிழக அரசு நினைவகமாக்கி, 2022 டிசம்பரில் திறந்தது.