காட் மீன்: ஒரு கணக்கின் வரலாறு

சிறுவயதில் ஊட்டப்பட்ட மீன் எண்ணெயின் வழியாகவே காட் என்னும் மீனின் பெயர் நம்மில் பலருக்கு அறிமுகம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவையொட்டிய கடலடி மேடுகளில் அம்மீன் ஒருகாலத்தில் திரண்டு கிடந்தது. 1497-இல் ஜான் கபோட்டின் கப்பல் திரும்பியபின், லண்டனிலிருந்த மிலான் தூதர் எழுதிய கடிதம் ஒன்று, கல் கட்டிய கூடையை இறக்கியே அங்கு மீன் அள்ளலாம் என்று மாலுமிகள் சொன்னதைப் பதிவுசெய்கிறது.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின், 1992-இல், அந்த மீன்வளம் சரிந்தது. அதைப் பேராசையின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட நம்மால் இயலவில்லை. ஏனெனில் அது கேட்பாரற்றுக் கிடந்த கடலன்று. அறிவியலாளர் ஆண்டுதோறும் கணக்கிட, அரசு ஆண்டுதோறும் பிடி வரம்பு விதித்து வந்த கடல்.

1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்று உரைத்தார். அன்றைய மீன்பிடி முறைகளைக் கொண்டு பார்த்தால் என்ற நிபந்தனையும் அவர் உரையில் இருந்தது. பின்வந்தோர் முடிவை நினைவில் வைத்தனர்; நிபந்தனையை மறந்தனர். 1954-இல் பிரிட்டனின் 'ஃபேர்ட்ரை' கடலுக்கு வந்தது. பிடித்த மீனைக் கப்பலிலேயே அரிந்து உறையவைக்கும் தொழிற்சாலைக் கப்பல் அது. சோவியத் ஒன்றியமும் பிற ஐரோப்பிய நாடுகளும் அவ்வழியே வந்தன. 1968-இல் வடக்குக் காட் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் அது 1.5 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது.

1977-இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைல்களாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைப் பெருமளவு விலக்கியது. பிடிக்கத்தக்க மீனில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுப்பது என்ற கொள்கையும் வகுக்கப்பட்டது. கொள்கையில் குறை காண்பதற்கில்லை. கடலில் எவ்வளவு மீன் உள்ளது என்ற மதிப்பீட்டில்தான் பிழை புகுந்தது.

அம்மதிப்பீடு இரண்டு சான்றுகளைச் சார்ந்திருந்தது. ஒன்று, ஆய்வுக் கப்பல்களின் மாதிரிப் பிடிப்பு. மற்றொன்று, வணிக இழுவைக் கப்பல்கள் மணிக்கு எவ்வளவு பிடித்தன என்ற பதிவு. இரண்டாவது ஏறிக்கொண்டே சென்றதால், மீன் பெருகுகிறது என்று முடிவு செய்யப்பட்டது. உண்மையில் கருவிகளும் கப்பலோட்டிகளின் பட்டறிவும் மேம்பட்டிருந்தன. குறைந்துபோன மீன்களோ சில இடங்களில் அடர்ந்து கூடின. கப்பல்கள் அவ்விடங்களைத் தேடிச்சென்று இழுத்தன. கொள்கை அனுமதித்ததைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் பிடிக்கப்பட்டது பின்னரே தெரிந்தது.

கரையோரத்தில் கூண்டு வலையும் தூண்டிலும் கொண்டு தொழில் செய்தவர்கள் இதை முன்பே கண்டனர். மீன் கரைக்கு வருவது குறைந்தது, வந்தவையும் சிறுத்திருந்தன. கப்பல்களைப்போல் அவர்கள் மீனைத் துரத்திச் செல்வதில்லை. ஒரே இடத்தில் காத்திருந்தனர். ஆகவே அவர்களுடைய வெற்றுவலை மிக நேர்மையான அளவுகோலாக இருந்தது. அவர்களின் சங்கம் 1986-இல் உயிரியலாளர்களைக் கொண்டு ஓர் அறிக்கையே தயாரித்து அரசின் கணக்கை மறுத்தது. அது அன்று ஏற்கப்படவில்லை.

1989-இல் அரசின் அறிவியலாளர்களே கணக்கைத் திருத்தி, 1.25 லட்சம் டன்னோடு நிறுத்தும்படி கூறினர். அரசு விதித்த வரம்போ 2.35 லட்சம் டன். ஆலைகள் மூடப்படும், ஊர்கள் வேலையிழக்கும் என்ற அச்சம் அதன் பின்னிருந்தது. அந்த அச்சம் பொய்யன்று என்பதால்தான் இவ்வரலாறு நம்மை உறுத்துகிறது. 1992 ஜூலை 2 அன்று அமைச்சர் ஜான் கிராஸ்பி மீன்பிடித் தடையை அறிவித்தபோது, ஏறத்தாழ 30,000 பேர் வாழ்வாதாரம் இழந்தனர். நீரின் குளிர்ச்சிக்கும் இச்சரிவில் பங்குண்டா என்ற விவாதம் அறிஞரிடையே நெடுங்காலம் நீடித்தது.

இரண்டு ஆண்டுகளுக்கென்று விதித்த தடை 32 ஆண்டுகள் நீடித்தது. இடைக்காலத்தில் கரையோரப் படகுகளுக்குச் சிறிதளவு அனுமதி இருந்தது. 2024-இல் தடையை நீக்கியபோது விதித்த வரம்பு 18,000 டன்.

போதிய அறிவியல் தகவல் இல்லை என்பதைக் காட்டிப் பாதுகாப்பைத் தள்ளிப்போடலாகாது என்று 1995-இன் ஐ.நா. மீன்வள ஒப்பந்தம் கூறுகிறது. நியூஃபவுண்ட்லாந்தின் அனுபவத்தைப் படித்தபின், அத்துடன் இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே தகவல் இருந்தது. அதைச் சொன்னவர்கள் கையில் அட்டவணை இல்லை என்பதால், அது தகவலாக எண்ணப்படவில்லை.