எல்லைப்புற உரையாடலின் உளவியல்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாறசாலையும் அதன் சுற்றூர்களும் தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து புழங்கும் பகுதியாகும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது; ஆயினும் மண உறவும் வணிகமும் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டித் தொடர்ந்தமையால், எதிரில் இருப்பவரிடம் எம்மொழியில் பேசுவது என்பதை முடிவுசெய்த பிறகே இங்குப் பல உரையாடல்கள் தொடங்குகின்றன.

இம்முடிவை விளக்கும் கோட்பாடுகளுள் முதன்மையானது, ஹோவர்ட் கைல்ஸ் 1970களில் உருவாக்கிய பேச்சு இணக்கக் கோட்பாடு. கேட்பவரின் மொழியையும் ஒலிப்பையும் நோக்கிப் பேசுபவர் நகர்வதை அது குவிதல் என்றும், தம் வேறுபாட்டை வலியுறுத்தி விலகுவதை விரிதல் என்றும் பிரிக்கிறது. வாடிக்கையாளரின் மொழிக்குக் கடைக்காரர் மாறுவது குவிதலே. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் மலையாளத்திலேயே விடையளிப்பதை உடனே விரிதல் எனக் கொள்வது பிழை, ஏனெனில் அது பணியிட வழக்கமாகவும் இருக்கலாம்.

மதிப்பை உணர்த்தும் முறையில் இரு மொழிகளும் பெரிதும் வேறுபடுகின்றன. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என வினைமுற்றே பாலையும் மரியாதையையும் சுமக்க, இன்றைய மலையாளத்தில் 'வந்நு' என்ற ஒரே வடிவம் அனைவருக்கும் பொருந்துவதால், அங்கு மரியாதை விளிச்சொல்லிலும் குரலிலும் தங்குகிறது. எனவே மலையாளத்தில் பழகியவர் தமிழ் பேசும்போது வாக்கியந்தோறும் ஒரு சமூக முடிவை எடுக்க வேண்டியுள்ளது. அவர் விகுதியைத் தவறவிட்டால், எண்ணாத அவமதிப்பு எண்ணியதாகக் கேட்பவருக்குப் படுகிறது. இவ்விடைவெளியைக் குறைப்பவை உறவுப்பெயர்கள்: கேரளத்தின் பிற பகுதிகளில் 'சேட்டன்' என்று அழைக்கப்படுபவர் இத்தென்பகுதியின் மலையாளப் பேச்சிலும் 'அண்ணன்'தான்.

இருமொழியாளர் ஒரு மொழியைப் பேசும்போது மற்றதை அடக்கி வைக்கின்றனர் என்பது டேவிட் கிரீன் 1998இல் முன்வைத்த கருத்து. தாய்மொழியை அடக்குவதற்கே மிகுந்த முயற்சி வேண்டியிருப்பதால், அதற்குத் திரும்பும்போதுதான் தாமதம் கூடுகிறது என்பதை மறு ஆண்டில் வெளிவந்த மியூட்டர், ஆல்போர்ட் ஆய்வு காட்டியது. ஆகவே சொல் தேடும் சிறு தயக்கத்தை மொழியறியாமையாகக் கருத இடமில்லை.

பேச்சுவழக்கைக் கொண்டு ஆளை எடைபோடும் பழக்கத்தை வாலஸ் லாம்பர்ட் குழு 1960இல் மான்ட்ரியலில் சோதித்தது: ஒரே ஆள் ஆங்கிலத்தில் பேசியபோது உயர்வாகவும் பிரெஞ்சில் பேசியபோது தாழ்வாகவும் மதிப்பிடப்பட்டார், பிரெஞ்சு மொழியினரும்கூட அவ்வாறே மதிப்பிட்டனர். தென் திருவனந்தபுரப் பேச்சு மலையாளத் திரைப்படங்களில் நெடுநாள் நகைச்சுவைக்குப் பயன்பட்டுள்ளது. 2005இல் வந்த 'ராஜமாணிக்கம்' அதை நாயகனின் பேச்சாக்கியது. இவ்வழக்கைக் குறையுடைய மலையாளமாகவோ கெட்டுப்போன தமிழாகவோ காண்பது கேட்பவரின் முன்முடிவேயன்றி, அப்பேச்சின் இயல்பன்று.